கனடாவில் சால்மன் பிடிக்கப் போகிறீர்களா? எந்த மீனை, எந்த மாதத்தில், எங்கே வைத்துக்கொள்ளலாம்: முழு வழிகாட்டி

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தூண்டில் தொடாத ஆம்பிளை குறைவு. செம்பனைத் தோட்டத்து வாய்க்காலில் கெளுத்தி, பழைய ஈயக் குளத்தில் தொமான், லாசா பக்கம் ஏறிப் போனால் செபராவ், அதிர்ஷ்டம் இருந்தால் கெலா. இப்போது பிள்ளைகள் பலர் கனடாவில், அதுவும் வான்கூவர், சர்ரே, நனாய்மோ பக்கம் குடியேறிவிட்டதால் போகிற வருகிற அப்பாக்களும் மாமாக்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. "சால்மன் பிடிக்கலாமா தம்பி? வீட்டுக்குக் கொண்டு வரலாமா?"

பிடிக்கலாம். கொண்டு வருவதில்தான் விஷயம் இருக்கிறது. நனாய்மோவில் என் தங்கை வீட்டில் இரண்டு முறை தங்கி, மாப்பிள்ளையோடு படகில் போய், கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தை வைத்துத்தான் பேசுகிறேன், நம் ஆட்கள் அதிகம் போவது அங்கேதான்.

முதலில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் எடுத்தால் தூண்டில் போட உரிமை கிடைக்கும், மீன் உங்களுடையது ஆகாது. தூண்டிலில் மாட்டிய ஒவ்வொரு மீனுக்கும் நான்கு கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும்: இது எந்த இடம், இன்று என்ன தேதி, இது எந்த இனம், அளவும் துடுப்பும் எப்படி. நான்கில் ஒன்றுக்குப் பதில் தெரியவில்லை என்றாலும் மீனைத் திருப்பி விட வேண்டியதுதான். இதை நான் கடுமையாகச் சொல்வதாக நினைக்காதீர்கள், அங்கே சட்டமே அப்படித்தான் வேலை செய்கிறது.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?

இதைப் புரிந்துகொண்டால் மற்ற விதிகளை மனப்பாடம் செய்யவே தேவையில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட அதே ஆற்றுக்குத் திரும்புகிற மீன். பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் செத்துவிடும், அதாவது இந்த வருடம் ஆறு ஏறி வருகிற மீன்தான் அடுத்த தலைமுறைக்கு ஒரே முதல். கடலில் அவை கலந்து திரியும். உங்கள் படகுக்கு அடியில் நீந்துகிற பத்து மீனில் ஏழு நல்ல நிலையில் உள்ள ஆற்றுடையதாக இருக்கலாம், மூன்று அழிவின் விளிம்பில் இருக்கிற ஒரு சின்னக் கிளை ஆற்றுடையதாக இருக்கலாம். பார்த்தால் தெரியாது. ஆனால் ஒவ்வொரு ஆற்று மீனும் ஒவ்வொரு மாதத்தில் ஒவ்வொரு இடத்தைக் கடந்து போகும். அதனால்தான் அரசாங்கம் மாதத்தையும் இடத்தையும் வைத்து வேலி போடுகிறது.

வான்கூவர் பக்கம் கடலில் கலக்கும் பிரேசர் ஆற்றின் சாக்கை என்ற சால்மன் இனத்தைப் பாருங்கள். 2009இல் ஒரு கோடிக்கும் மேல் வரும் என்று கணித்திருந்தார்கள், வந்தது சுமார் 15 லட்சம்தான். ஏன் என்று விசாரிக்க நீதிபதி புரூஸ் கோஹன் தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். அடுத்த வருடமே, 2010இல், சுமார் 2 கோடியே 80 லட்சம் மீன் வந்து இறங்கியது. ஒரு வருடம் பஞ்சம், மறு வருடம் வெள்ளம். இப்படிப்பட்ட மீனுக்கு நிரந்தரமாக ஒரே விதி எழுதி வைக்க முடியாது. பிறகு 2019இல் பிரேசர் ஆற்றின் மேல்பகுதியில் பிக் பார் என்ற இடத்தில் பெரிய பாறைச் சரிவு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள், மீன் மேலே ஏற முடியாமல் வழி அடைத்திருந்தது. ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்த மேல்பிரேசர் சினூக் சால்மனுக்கு அது பெரிய அடி. இதற்கு மேல் அந்தக் கடலில் வாழ்கிற ஒரு கொலைத்திமிங்கிலக் கூட்டம் எழுபது சொச்சம்தான் மிச்சம், அவற்றின் முக்கியச் சாப்பாடே சினூக்தான். நாம் வைத்துக்கொள்ளும் சினூக்குக்கு இத்தனை பேர் போட்டி.

படி 1: கடல் தண்ணீரா, ஆற்றுத் தண்ணீரா?

நம் மலேசியாவில் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் இருந்தாலும் உள்நாட்டு ஆறு குளங்களுக்கான விதிகளை மாநிலங்கள்தான் போடுகின்றன, பேராக்கில் ஒன்று, பஹாங்கில் ஒன்று. அங்கேயும் கிட்டத்தட்ட அதே மாதிரி இரண்டு கை. கடலுக்கு கனடா மத்திய மீன்வளத் துறையின் லைசென்ஸ். ஆற்றுக்கு மாநில அரசின் லைசென்ஸ், அதோடு சால்மனுக்கென்று தனிக் கட்டணம்.

எல்லை எங்கே என்பதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். பிரேசர் ஆற்றில் மிஷன் என்ற ஊரில் இருக்கும் ரயில் பாலம்தான் கோடு. பாலத்துக்குக் கீழே ஆறு மாதிரியே இருந்தாலும் சட்டப்படி அது அலை ஏறும் தண்ணீர், கடல் லைசென்ஸ் வேண்டும். பாலத்துக்கு மேலே போனால் ஆற்று லைசென்ஸ். ஒரே ஆறு, ஒரே மீன், இரண்டு லைசென்ஸ். சில்லிவாக் பக்கம் வெட்டர் ஆற்றில் கரையில் நின்று பிடிக்கப் பிள்ளைகள் கூட்டிப் போவார்கள், அது ஆற்று லைசென்ஸ் இடம். கடல் லைசென்ஸை நீட்டினால் செல்லாது.

படி 2: லைசென்ஸும் சால்மன் முத்திரையும்

கடல் லைசென்ஸை இணையத்திலேயே எடுக்கலாம். வெளிநாட்டவருக்கு 1 நாள், 3 நாள், 5 நாள், ஒரு வருடம் என்று இருக்கிறது. வருடம் என்றால் ஜனவரி கணக்கு இல்லை, ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. மார்ச் கடைசியில் போகிறவர்கள் வருட லைசென்ஸ் எடுத்துவிட்டு ஒரு வாரத்தில் காலாவதியாகிப் போனதே என்று வருத்தப்பட வேண்டாம். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பேரப்பிள்ளைக்கும் லைசென்ஸ் வேண்டும், இலவசம்தான், ஆனால் எடுத்திருக்க வேண்டும்.

அப்புறம் முத்திரை. ஒரு சால்மனையாவது வைத்துக்கொள்ள நினைத்தால் லைசென்ஸோடு சால்மன் பாதுகாப்பு முத்திரையும் வாங்க வேண்டும். அது இல்லாமல் சால்மன் பிடித்துத் திருப்பி விடலாம், வைத்துக்கொள்ள முடியாது. விண்ணப்பத்தில் சின்னதாக ஒரு கட்டம், டிக் பண்ண மறந்துவிடுவார்கள். தொகையும் சின்னது, சால்மன் ஓடைகளைச் சீர்படுத்தும் வேலைகளுக்குப் போகிறது. தயங்காமல் எடுங்கள்.

படி 3: உங்கள் இடத்தின் எண்

கடற்கரை முழுவதையும் எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். நனாய்மோ 17, கேம்பெல் ரிவர் 13, வான்கூவர் துறைமுகப் பக்கம் 28, பிரேசர் ஆற்று முகம் 29, விக்டோரியா பக்கம் 19. ஒவ்வொன்றுக்குள்ளும் 17-1, 17-2 என்று சின்னத் துண்டுகள். "நான் வான்கூவரில் பிடித்தேன்" என்பது அங்கே பதிலே இல்லை. துண்டு எண் வரைக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு முனையைத் தாண்டினால் அங்கே சினூக் பிடிப்பு மூடியிருக்கும், இந்தப் பக்கம் திறந்திருக்கும். படகு ஓட்டுகிறவரிடம் கிளம்பும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 4: மாதக் கணக்கு

நான் சொல்வது தோராயமான ஓட்டம். கடைசி வார்த்தை மீன்வளத் துறையின் அறிவிப்புதான். பருவத்துக்கு நடுவிலேயே, சில சமயம் ஓரிரு நாள் இடைவெளியில், திறப்பார்கள் மூடுவார்கள். அதனால் படகு ஏறுவதற்கு முந்தின இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் அறிவிப்பைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் பிடித்தார் என்பது ஆதாரமாகாது.

ஏப்ரல் முதல் ஜூலை நடுப்பகுதி வரை தென்கரையில் பல இடங்களில் சினூக்கை வைத்துக்கொள்ள முடியாது, சில இடங்களில் அதற்கு மேலும் நீளும். மேல்பிரேசர் சினூக் அந்த மாதங்களில்தான் கடந்து போகிறது, 2019 முதல் இப்படி இறுக்கிவிட்டார்கள். சினூக்கை நினைத்துத்தான் போகிறீர்கள் என்றால் மே மாத டிக்கெட் வேண்டாம், ஆகஸ்ட்டுக்குப் போடுங்கள்.

பிங்க் சால்மனின் ஆயுள் சரியாக இரண்டு வருடம். பிரேசரில் ஒற்றைப்படை வருடங்களில்தான் கூட்டமாக வரும்: 2021, 2023, 2025 என்று. சின்ன மீன், சதை மென்மை, அன்றைக்கே சமைத்துவிட வேண்டும், அசம்பெடாஸ் வைக்க அருமையாக இருக்கும். முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒற்றைப்படை வருடத்து ஆகஸ்ட்தான்.

சாக்கை நான்கு வருடச் சுற்று. பிரேசரோடு சேரும் கிளை ஆறான ஆடம்ஸின் மீன் பெருகி வந்தது 2010, 2014, 2018, 2022 வருடங்களில். மற்ற வருடங்களில் பிரேசர் சாக்கை பெரும்பாலும் மூடியே இருக்கும், திறந்தாலும் கொஞ்ச நாள்தான். தூண்டிலில் மாட்டினாலும் விட்டுவிட வேண்டும்.

கோஹோ கோடையிலிருந்து இலையுதிர் காலம் வரை. தென்கரையில் பெரும்பாலும் மீன்குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்து விட்ட கோஹோவை மட்டும் வைத்துக்கொள்ளலாம், காட்டு கோஹோவைத் தொடக்கூடாது. சம் சால்மன் அக்டோபர், நவம்பர் மீன், வருகிற அளவைப் பார்த்துத்தான் அனுமதி.

படி 5: மீன் யார் என்று பாருங்கள்

இந்தப் படியில்தான் நல்ல ஆட்கள் தப்பு செய்கிறார்கள். கடலில் இருக்கும்போது ஐந்து இனமும் வெள்ளி நிறம்தான். கடைப் படங்களில் இருக்கிற சிவப்பு உடம்பும் வளைந்த மூக்கும் ஆற்றில் ஏறிய பிறகுதான் வரும்.

வாயைத் திறந்து ஈறு பாருங்கள். பல்லின் அடியில் ஈறு கறுப்பாக இருந்து, வாலின் மேல் பாதி கீழ்ப் பாதி இரண்டிலும் கரும்புள்ளி இருந்தால் சினூக். பல்லடி ஈறு வெளுத்து, புள்ளி வாலின் மேல் பாதியில் மட்டும் இருந்தால் கோஹோ. வாலில் கட்டைவிரல் ரேகை அழுத்தினது போல பெரிய நீள்வட்டப் புள்ளிகள், செதில் பொடிப் பொடியாக இருந்தால் பிங்க். சாக்கைக்கும் சம்முக்கும் தெளிவான புள்ளி இருக்காது.

அடுத்தது கொழுப்புத் துடுப்பு. முதுகில் பெரிய துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு சதைத் துண்டு நிற்கும். பொரிப்பகத்தில் குஞ்சாக இருக்கும்போதே அதை வெட்டி விடுவார்கள். அது இல்லாமல், இருந்த இடம் ஆறித் தழும்பாகி இருந்தால் பொரிப்பக மீன். இருந்தால் காட்டு மீன் என்றே கணக்கு.

2023 ஆகஸ்ட்டில் எனக்கு முதலில் மாட்டியது ஒரு கோஹோ. படகு ஓரத்தில் வலைக்குள் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு மாப்பிள்ளை, "மச்சான், கையை நனைச்சிக்கிட்டு முதுகைத் தடவிப் பாருங்க" என்றார். விரலில் அந்தச் சின்னத் துண்டு தட்டுப்பட்டது, ஈரமான ரப்பர் பாலைத் திரித்தது போல. நல்ல கொழுத்த மீன், இரண்டரை கிலோ இருக்கும். விட்டுவிட்டோம். ஒரு மணி நேரம் கழித்து வந்த கோஹோ அதைவிடச் சின்னது, ஆனால் தடவினால் வழவழவென்று ஒரு தழும்பு. அதைத்தான் வைத்துக்கொண்டோம்.

படி 6: அளவு

மூக்கு நுனியிலிருந்து வாலின் கவட்டை வரை அளக்க வேண்டும், வாலின் கடைசி நுனி வரை இல்லை. ஜார்ஜியா நீரிணைப் பக்கம், அதாவது நனாய்மோவும் வான்கூவரும் இருக்கிற உள்கடலில், சினூக் குறைந்தது 62 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். வான்கூவர் தீவின் மேற்குக் கரையிலும் வடக்கிலும் 45. சில இடங்களில் சில மாதங்களில் 80க்கு மேல் இருந்தாலும் விட வேண்டும், முட்டை நிறைந்த பெரிய பெண் மீன்கள் தப்பிப் போகட்டும் என்றுதான். மற்ற இனங்களுக்குத் தென்கரையில் 30.

அதே பயணத்தில் எனக்கு ஒரு சினூக் வந்தது, தூண்டில் வளைந்ததைப் பார்த்தபோது அதுதான் என் வாழ்க்கையின் மீன் என்று நினைத்தேன். டேப் வைத்தால் 60. இன்னொரு முறை அளந்தேன், 60தான். அதை விட்டபோது வருத்தமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

படி 7: எண்ணிக்கையும் எழுதி வைப்பதும்

எல்லா இனமும் சேர்த்து ஒரு நாளைக்கு 4 சால்மன். அதற்குள் ஒவ்வொரு இனத்துக்கும் இடத்துக்கேற்ப தனி வரம்பு, சினூக் என்றால் 1 அல்லது 2. பல நாள் பிடித்துச் சேர்த்தாலும் கையிருப்பு இரண்டு நாள் வரம்பைத் தாண்டக்கூடாது. காலையில் பிடித்துப் படகிலேயே சுட்டுத் தின்ற மீனும் அன்றைய கணக்கில் சேரும். கடலில் சினூக்குக்கு வருட வரம்பும் உண்டு, 10 மீன்.

சினூக்கை வைத்துக்கொண்ட அந்த நிமிடமே லைசென்ஸில் தேதி, இடத்தின் எண் எல்லாம் பதிய வேண்டும். கரைக்குப் போய் எழுதலாம் என்று விட்டுவிடாதீர்கள். பேனாவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு லைசென்ஸோடு கட்டி வைத்துவிடுங்கள்.

படி 8: விடுவதை ஒழுங்காக விடுங்கள்

இவ்வளவு மீனைத் திருப்பி விட வேண்டியிருப்பதால் இதுவும் விதியின் பாதிதான். அங்கே கடலில் சால்மனுக்கு எதிர்முள் இல்லாத தூண்டில் முள்தான் போட வேண்டும். இங்கிருந்து கொண்டு போகிற முள்ளில் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கிற அந்தச் சின்ன முள்ளைக் குறடால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள், துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள், சிக்காமல் வழுக்கி வர வேண்டும். மீன் தப்பிவிடும் என்று பயப்படாதீர்கள், நூலைத் தொய்ய விடாமல் வைத்திருந்தால் போதும்.

விட வேண்டிய மீனைப் படகுக்குள் தூக்காதீர்கள். தண்ணீரிலேயே வைத்து, குறடால் முள்ளைத் திருப்பி எடுங்கள். முள் தொண்டைக்குள் போயிருந்தால் நூலை வெட்டிவிடுங்கள். காய்ந்த கை படக்கூடாது, செவுளில் விரல் போடக்கூடாது. போட்டோ வேண்டும் என்றால் தண்ணீர் ஓரத்திலேயே ஒன்று, அவ்வளவுதான்.

இன்னொன்று. வாயில் மாட்டாமல் வயிற்றிலோ வாலிலோ முள் குத்தி வந்த மீன் எவ்வளவு பெரிதானாலும் விட வேண்டும். நம் பக்கம் சிலர் ஆழமான இடத்தில் வெறும் முள்ளைச் சுண்டி இழுத்துப் பிடிப்பார்கள், அங்கே அது குற்றம்.

படி 9: வீட்டுக்குக் கொண்டு போகும் வழி

மீனைச் சுத்தம் செய்யும்போது அவசரப்படாதீர்கள். வழியில் அதிகாரி நிறுத்தினால் இது எந்த இனம், எத்தனை மீன், அளவு சரியா என்பது அவருக்குப் பார்த்ததும் தெரிய வேண்டும். பொரிப்பக மீன் என்பதற்குத் தழும்பும் தெரிய வேண்டும். எங்கள் உறவுக்காரர் ஒருவர் படகுத்துறையிலேயே தோலை உரித்து, சம்பலுக்கு வசதியாகத் துண்டு போட்டு ஒரே பையில் கட்டிவிட்டார். நேர்மையாகப் பிடித்த மீன்தான், ஆனால் நிரூபிக்க வழியில்லை, கையிலிருந்து மீனும் போய் அபராதமும் கட்டினார். வீடு போய்ச் சேரும் வரை தோலோடும் வாலோடும் இருக்கட்டும், குடலை மட்டும் எடுத்து ஐஸில் வையுங்கள்.

கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்ட சினூக், கோஹோ என்றால் தலையை வீசாதீர்கள். சிலவற்றின் மூக்குக்குள் ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு எண் பொறித்த கம்பி இருக்கும். படகுத்துறைகளிலும் தூண்டில் கடைகளிலும் தலை சேகரிக்கும் பெட்டி வைத்திருக்கிறார்கள், சீட்டு எழுதிப் போட்டுவிட்டு வரலாம். எந்தப் பொரிப்பகத்து மீன் எங்கே பிடிபட்டது என்று அதை வைத்துத்தான் அடுத்த வருடக் கணக்கு போடுகிறார்கள். தலைக்கறி பிரியர்களுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் கொடுத்துவிடுங்கள்.

விற்கக்கூடாது, பண்டமாற்றும் கூடாது. கோயில் அன்பர்களுக்கு மீன் கொடுத்து அரிசி மூட்டை வாங்குவதுகூட அதில் சேரும்.

வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்கு

கலிபோர்னியாவில் 2023, 2024 இரண்டு வருடமும் கடல் சால்மன் பிடிப்பதையே முழுசாக மூடினார்கள், அங்கே மகன் இருக்கிறான் என்று தூண்டிலோடு போவதற்கு முன் அந்த வருட நிலவரத்தைக் கேளுங்கள். இங்கிலாந்தில் ஜூன் 16க்கு முன் தூண்டிலில் பிடிக்கும் சால்மனை விட்டுவிட வேண்டும். ஸ்காட்லாந்தில் மார்ச் 31 வரை எல்லா ஆற்றிலும் விட வேண்டும், அதற்குப் பிறகு ஆற்றுக்கு ஆறு தரம் பிரித்திருக்கிறார்கள், மூன்றாம் தர ஆறு என்றால் பருவம் முழுவதும் விட வேண்டியதுதான். அங்கே ஞாயிற்றுக்கிழமை சால்மனுக்குத் தூண்டில் போடவே முடியாது, அதனால் சனி ஞாயிறு மட்டும் லீவு கிடைக்கிற மருமகனை நம்பிப் போகிறவர்கள் அவரை வெள்ளிக்கிழமைக்கும் லீவு போடச் சொல்லுங்கள்.